தளபதி மரியாதைக்குத்தான் வந்தார்

பெருமதிப்பிற்குரிய சம்பந்தி அவர்களின் மேலான பார்வைக்கு,

தங்கள் மருமகளைப் பெற்றவன் பணிவன்புடன் எழுதிக்கொள்வது. இங்கே நானும் என் மனைவியும் சௌக்கியம். அங்கே தாங்கள் சௌக்கியமா என்று கேட்டுத்தான் முறைப்படி ஆரம்பிக்க வேண்டும். ஆனால் திங்கட்கிழமையிலிருந்து தாங்கள் சரியாகச் சாப்பிடுவதில்லை, கூடத்து நாற்காலியைச் சுவரைப் பார்த்துத் திருப்பிப் போட்டு உட்கார்ந்திருக்கிறீர்கள் என்று மகள் சொல்லிவிட்டாள். அதற்கெல்லாம் காரணமே நான்தான் என்கிறபோது நலம் விசாரிக்கக் கூச்சமாக இருக்கிறது. சம்பந்தியம்மா அவர்களின் முழங்கால் வலி தேவலை என்று நம்புகிறேன்.

இது மன்னிப்புக் கடிதம். முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நடுவில் எனக்கே மறந்துபோகலாம். மகளின் உத்தரவு இது. "போன்ல பேசாதீங்கப்பா. 'மன்னிச்சுக்குங்க'ன்னு ஆரம்பிச்சு 'எப்படிப் புடிச்சேன் தெரியுமா'ன்னு முடிப்பீங்க. உங்கள எனக்குத் தெரியாதா? ஒழுங்கா உக்காந்து எழுதிக் குடுங்க, நான் மாமா கையில சேக்குறேன்" என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள். ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டில் நம் பேத்தியின் முதல் பிறந்தநாள். "அவர் மூஞ்சியில நான் முழிக்க மாட்டேன், நீங்க எல்லாரும் போயிட்டு வாங்க" என்று தாங்கள் சொன்னீர்களாம். மகள் அழுதுகொண்டே பேசினாள், சம்பந்தி. "ரெண்டு தாத்தாவும் ஒரே சோபாவுல உக்காந்து நடுவுல பாப்பாவ வெச்சு ஒரு படம் எடுக்கணும், அதுக்குத்தான்ப்பா நான் இவ்வளவு பாடுபடறேன். அதக் கெடுத்தீங்க, ரெண்டு பேரோடயும் பேச மாட்டேன்" என்றாள். அவள் சொன்னால் செய்வாள். ஆகையால் நடந்ததை ஒன்று விடாமல் எழுதுகிறேன். படித்துவிட்டுத் தாங்களே தீர்ப்புச் சொல்லுங்கள்.

தப்பு எங்கே ஆரம்பித்தது என்று யோசித்துப் பார்த்தால், நம் பேத்தி தவழ ஆரம்பித்த அன்றைக்குத்தான் ஆரம்பித்தது. அதுவரை மாப்பிள்ளை வாங்கிவந்த அந்தத் தீவு ஆட்டத்தை நாம் பலகையில்தானே ஆடிக்கொண்டிருந்தோம்? சாப்பாட்டு மேசை நிறைய ஆறுமூலைக் கட்டங்கள், மரத்தில் செய்த கப்பல்கள், கோட்டைகள், கட்டைவிரல் உயரத்தில் சிப்பாய்கள். எவ்வளவு நிம்மதியான ஆட்டம்! நான் தெரியாமல் ஒரு கப்பலைத் தப்பாக வைத்தால், "பரவாயில்ல சம்பந்தி, எடுத்து வேற எடத்துல வெச்சுக்குங்க" என்பீர்கள். நீங்கள் தப்பாக வைத்தால், "அய்யய்யோ, அது வேண்டாம் சம்பந்தி, அங்க வெச்சா நான் வெட்டும்படி ஆயிடும்" என்று நான் எடுத்துக் கையில் கொடுப்பேன். ஒரு ஆட்டம்கூட முடிந்ததில்லை, ஒரு மனஸ்தாபமும் வந்ததில்லை. அன்றைக்குக் குழந்தை மேசைக்கடியில் விழுந்து கிடந்த உங்கள் சிப்பாயை எடுத்து வாயில் போட்டுக்கொண்டது, மகள் விரலை விட்டு எடுத்தாள், எடுத்த கையோடு பலகை, சிப்பாய், கப்பல் எல்லாவற்றையும் பெட்டியில் அடைத்துப் பரண்மேல் போட்டுவிட்டாள். மறுநாள் மாப்பிள்ளை, "இதே ஆட்டம் போன்லயும் இருக்கு மாமா, அவங்கவங்க வீட்ல இருந்தே ஆடலாம்" என்று நால்வர் போனிலும் ஏற்றிக் கொடுத்தார். நால்வர் என்றால் தாங்கள், நான், என் மனைவி, மாப்பிள்ளை. ஆடும் முறையும் இதே வரிசைதான். ஒருவர் ஆடி முடித்தால் அடுத்தவர் போனில் மணி அடிக்கும், ஒரு நாளைக்குள் ஆட வேண்டும், ஆடாவிட்டால் கம்ப்யூட்டரே ஆடிவிடும். தங்களுக்கு நீலக் கொடி, எனக்குப் பச்சை, என் மனைவிக்குச் சிவப்பு, மாப்பிள்ளைக்கு மஞ்சள்.

போனில் ஆடினாலும் நாம் சம்பந்திகள் என்பதை மறந்தோமா? மறக்கவில்லை. அதுதான் வினையாகப் போயிற்று. முதல் வாரமே உங்கள் தீவில் விளைச்சல் சரியில்லை என்று கேள்விப்பட்டு இருபது மூட்டை தானியம் கப்பலில் அனுப்பினேன். வாங்கிக்கொண்டு சும்மா இருப்பது மரியாதை இல்லை என்று தாங்கள் அதே தானியத்தைத் திருப்பி அனுப்பினீர்கள். வந்ததை நான் வைத்துக்கொண்டால் என்னைப் பற்றி என்ன நினைப்பீர்கள்? நான் மறுபடி அனுப்பினேன். ஒவ்வொரு கடல் பயணத்துக்கும் ஒரு மூட்டையை எலி தின்றுவிடும் என்பது ஆட்டத்தின் விதி. அது தெரிந்தும் இருவரும் விட்டுக்கொடுக்கவில்லையே! பத்தொன்பதாவது பயணத்தில் ஒரே ஒரு மூட்டையோடு என் கப்பல் உங்கள் துறைமுகத்துக்கு வந்தது. அதையும் நீங்கள் திருப்பி அனுப்பினீர்கள். வெறும் கப்பல் வந்து நின்றது. அந்த இரண்டரை மாதத்தில் என் மனைவி சத்தமில்லாமல் பதினாறு கட்டம் பிடித்துவிட்டாள். அவள் பள்ளிக்கூட அலுவலகத்தில் கால அட்டவணை போடுகிறவள். நாற்பது ஆசிரியர்களை நாற்பது வகுப்பில் ஒருவரோடு ஒருவர் முட்டாமல் உட்கார வைத்துப் பழகிய மூளை, கேட்க வேண்டுமா?

இனி விஷயத்துக்கு வருகிறேன். போன வாரம் தாங்கள் கலங்கரை விளக்கம் கட்டி முடித்தீர்கள். மற்ற மூவரிடமும் இல்லாதது. பார்த்ததும் எனக்கு உண்மையிலேயே பெருமையாக இருந்தது, நம்ம சம்பந்தி கட்டினது என்று எங்கள் மூக்குக்கண்ணாடிக் கடையில் எல்லோரிடமும் காட்டினேன். இதற்குப் போய் ஒரு கைதட்டல் பொம்மையை அனுப்பிவிட்டு இருந்தால் நன்றாயிருக்குமா? நேரில் போய் வாழ்த்துவதுதானே முறை! அதனால் என் தளபதியையே அனுப்புவது என்று முடிவு செய்து ஞாயிற்றுக்கிழமை தங்களுக்கு போன் போட்டேன். ஞாபகம் இருக்கும்.

"சம்பந்தி, நாளைக்கு நம்ம தளபதி உங்க ஊருக்கு வர்றாரு."

"வரட்டும், வரட்டும், தாராளமா வரட்டும். இதெல்லாம் சொல்லிட்டா வரணும்?" என்றீர்கள். அந்தக் குரலில் எவ்வளவு சந்தோஷம்!

நீங்கள் அதோடு விட்டீர்களா? சம்பந்தி வீட்டுத் தளபதி வரும்போது வாசலில் பன்னிரண்டு பேர் ஈட்டியோடு நின்றால் நன்றாயிருக்காது என்று உங்கள் சிப்பாய்கள் அத்தனை பேரையும் ஊருக்கு வெளியே வயல் கட்டத்துக்கு அனுப்பிவிட்டீர்கள். இது எனக்குத் தெரியாது. நான் மரியாதைக்கு வந்தேன், நீங்கள் மரியாதைக்கு வழிவிட்டீர்கள். பலகையாக இருந்தால் நம் இருவர் கையும் அதைப் புரிந்துகொண்டிருக்கும். அந்த போனுக்கு என்ன தெரியும்? காவல் இல்லாத ஊரில் வேற்றுத் தளபதி காலை வைத்தால் ஊர் பிடிபட்டது என்று கணக்கு.

திங்கட்கிழமை பதினோரு மணி. கண்ணாடிக் கடையின் பின்னறையில், கண் பரிசோதிக்கும் நாற்காலியில் ஒரு வாடிக்கையாளர் அம்மா. ஒரு கண்ணை மறைத்து, சோதனைச் சட்டத்தில் நான் ஒவ்வொரு கண்ணாடியாகப் போட்டு "இது தெளிவா இருக்கா, அது தெளிவா இருக்கா" என்று கேட்டுக்கொண்டே இன்னொரு கையால் தளபதியைத் தங்கள் வாசலில் கொண்டுபோய் நிறுத்தினேன். அவ்வளவுதான்! எக்காளம் என்றால் எக்காளம், சம்பந்தி, அப்படி ஒரு எக்காளம் நான் கேட்டதே இல்லை! வாணவேடிக்கை என்ன, முரசு என்ன, திரை முழுக்கப் பொன் எழுத்தில் "மாபெரும் வெற்றி!" என்று ஓடுகிறது! எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. இந்த வயதில் வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு ஊரைப் பிடித்திருக்கிறேன்! "புடிச்சிட்டேன்!" என்று கத்தி எழுந்ததில் கண்ணாடித் தட்டு சரிந்து, குழிவில்லை எது, குவிவில்லை எது என்று பிரித்து அடுக்க மத்தியானம் வரை ஆயிற்று. முதலாளி ஓடி வந்து "என்னய்யா, என்ன புடிச்ச, எலியா?" என்றார். "ஊருங்க, ஒரு முழு ஊரு!" என்றேன். அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். ஒரு கண்ணை மறைத்துக்கொண்டிருந்த அந்த அம்மாதான், "வாழ்த்துக்கள் சார், நான் நாலாவது வரியில நிக்கிறேன், அப்படியே மத்த கண்ணையும் பாத்துருங்க" என்றார்கள். நல்ல குணம்.

மன்னிக்க வேண்டும். இது மன்னிப்புக் கடிதம்.

பொன் எழுத்துக்குக் கீழே சின்ன எழுத்தில் எந்த ஊர் என்று போட்டிருந்தது. வெற்றிக் குஷியில் தளபதியை எங்கே அனுப்பினேன் என்பதே மறந்துபோய், நான்தான் அதைப் படிக்கவில்லை. ஊரெல்லாம் சின்ன எழுத்தைப் படிப்பதற்குக் கண்ணாடி கொடுக்கிறவன், படிக்கவில்லை! அப்படியே படம் பிடித்துக் குடும்பக் குழுவில் போட்டு, கீழே "இன்று முதல் என்னை மன்னா என்று அழைக்கவும்" என்று வேறு எழுதினேன். சம்பந்தியம்மா உடனே கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினார்கள். பாவம், அவர்களுக்கு என்ன தெரியும். தேநீர் குடிக்கும்போது நிதானமாகப் பெரிதாக்கிப் பார்க்கிறேன், நீலக் கொடி இறங்கிப் பச்சைக் கொடி ஏறுகிறது. அடப்பாவி, சம்பந்தி ஊரா! அதோடு விட்டார்களா அந்த ஆட்டத்தை எழுதின புண்ணியவான்கள்? பிடிபட்ட ஊர் பற்றி எரிவதைப் போலப் படம் காட்டுகிறார்கள். முப்பத்து நான்கு வருடம் தீயணைப்பு நிலையத்தில் இருந்தவர் நீங்கள். எத்தனை வீட்டுக் கூரையில் ஏறி எத்தனை பேரை இறக்கியிருப்பீர்கள். உங்கள் ஊரிலேயே தீ, அதுவும் சம்பந்தி வைத்த தீ! தாங்கள் சுவரைப் பார்த்து உட்கார்ந்ததில் எனக்கு ஆச்சரியமே இல்லை. நானாக இருந்தால் சுவரில் முட்டிக்கொண்டிருப்பேன்.

ஏழு தடவை போன் செய்தேன், எடுக்கவில்லை. வீட்டுக்கு வந்து மனைவியிடம் தலையில் கை வைத்துக்கொண்டு சொன்னேன். அவள் சப்பாத்திக் கட்டையைக் கீழே வைத்துவிட்டு, "அடடா, சம்பந்திக்கு எவ்வளவு கஷ்டமா இருக்கும்" என்றாள். பிறகு, "ஆமா, அந்த ஊர்ல இப்ப எத்தன பேர நிறுத்தியிருக்கீங்க?" என்று கேட்டாள். என் கஷ்டத்திலும் இவ்வளவு அக்கறையாகக் கேட்கிறாளே என்று மனம் நெகிழ்ந்துபோய் "தளபதியோட போன ஆறு பேர்" என்றேன்.

ஊரைத் திருப்பிக் கொடுக்க என்னவெல்லாம் செய்தேன் என்று கேளுங்கள். அன்பளிப்புப் பொத்தானை அழுத்தினால் தானியம், மரம், கல் என்று கேட்கிறது, ஊர் என்று கேட்கவில்லை. இன்னொரு பொத்தானை அழுத்தினேன், "ஊரைத் தரைமட்டமாக்கவா?" என்று கேட்டது. தெய்வமே, விரலை எடுத்துக்கொண்டேன், அரை மணி நேரம் போனைத் தொடவில்லை. என் முறை வந்ததும் முதல் வேலையாக என் தீவிலிருந்து மூன்று தொட்டி தண்ணீரை வரவழைத்துத் தீயை அணைத்தேன். கலங்கரை விளக்கத்துக்கு ஒரு சேதமும் இல்லை, கொஞ்சம் கரி படிந்திருக்கிறது, அவ்வளவுதான். இதற்கிடையில் தாங்கள் கோபத்தில் போனைத் தொடாததால் கம்ப்யூட்டர் தங்களுக்குப் பதில் ஆடி, வயலில் நின்ற பன்னிரண்டு பேரையும் பக்கத்து மலைமேல் ஏற்றிவிட்டது. கவலைப்படாதீர்கள். அது நம் நல்லகாலம். எப்படி என்று சொல்கிறேன்.

மாப்பிள்ளையிடம் கேட்டேன். ஊரைத் திருப்பிக் கொடுக்க ஒரே வழிதான் உண்டு, நான் காலி செய்ய வேண்டும், தாங்கள் உள்ளே நுழைய வேண்டும் என்றார். ஆகவே இன்று வியாழக்கிழமை, கடை விடுமுறை, காலை எட்டு மணிக்கு என் தளபதியையும் ஆறு சிப்பாய்களையும் கப்பலில் ஏற்றிக் கிளப்பிவிட்டேன். இப்போது தங்கள் ஊரில் ஒரு ஈ காக்கை இல்லை. கதவு திறந்து கிடக்கிறது. அடுத்து என் மனைவி ஆட வேண்டும், பிறகு மாப்பிள்ளை, பிறகு தாங்கள். பயப்பட வேண்டாம், பக்கத்துக் கட்டத்தில் இல்லாதவர்களுக்கு ஊர் பனிமூட்டமாகத்தான் தெரியும், காலியாகக் கிடப்பது அவளுக்குத் தெரியவே தெரியாது, ஆறு பேர் இருக்கிறார்கள் என்றுதான் நினைத்துக்கொண்டிருப்பாள். அவள் படையெல்லாம் கடலுக்கு இந்தப் பக்கம் கப்பலில் சும்மா நிற்கிறது. தங்கள் முறை வந்ததும் மலையிலிருந்து பன்னிரண்டு பேரையும் இறக்குங்கள், ஒரே கட்டம்தான், இறக்கினால் எக்காளம் உங்களுக்கு! அந்த எக்காளத்தை ஒரு தடவை கேட்டுப் பாருங்கள் சம்பந்தி, சத்தத்தை முழுசாக வைத்துக் கேளுங்கள், உடம்பெல்லாம் புல்லரிக்கும்! படம் பிடித்துக் குழுவில் போடுங்கள், நான் முதல் ஆளாகக் கைதட்டுகிறேன்.

ஒன்று சொல்ல வேண்டும், நேரில் சொல்ல வாய் வராது. கல்யாணமாகி இரண்டு வருடம் நாம் என்ன பேசினோம்? மழை வருமா, ரத்த அழுத்த மாத்திரை காலையிலா மாலையிலா, இவ்வளவுதான். எனக்கு உங்களைப் பார்த்தால் பயம் என்றுகூடச் சொல்லலாம். இந்த ஆட்டம் வந்த பிறகு தினம் காலை ஏழு மணிக்கு நீங்கள் போன் செய்து, "சம்பந்தி, தானியம் வந்து சேந்துச்சா?" என்று கேட்பீர்கள். அந்தக் குரலுக்காக ஆறேமுக்காலுக்கே பல் துலக்கிக் காத்திருப்பேன். இந்த மூன்று நாளும் ஏழு மணிக்கு போனைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். உங்கள் கோபத்தைக் காட்டிலும் அதுதான் எனக்குத் தாங்கவில்லை. என்னை மன்னித்து, ஞாயிற்றுக்கிழமை கட்டாயம் வர வேண்டும். பதினோரு மணிக்குக் கேக் வெட்டுகிறார்கள். இனிமேல் போரும் வேண்டாம், ஊரும் வேண்டாம். ஞாயிறு அன்று அந்த ஆட்டத்தை என் போனிலிருந்தே அழித்துவிடுகிறேன், தங்கள் கண்ணெதிரே. குழந்தை மேல் ஆணை என்று எழுத வந்தேன், ஆணையெல்லாம் வேண்டாம் என்று மகள் சொல்லியிருக்கிறாள்.

சம்பந்தியம்மாவுக்கு என் வணக்கங்கள். மாப்பிள்ளைக்கும் மகளுக்கும் ஆசிகள். பேத்திக்கு இரண்டு கன்னத்திலும் ஒவ்வொரு முத்தம். தாங்கள் நீண்ட ஆயுளோடும், தீயில்லாத ஊரோடும், எந்நாளும் மனக்குறை இல்லாமலும் இருக்க வேண்டுகிறேன்.

என்றும் தங்கள் அன்பை நாடும்,
தங்கள் சம்பந்தி

பி.கு.: மணி ஐந்தே கால். மேலே எழுதியது எதையும் மனதில் வைத்துக்கொள்ள வேண்டாம். கடிதத்தை உறையில் போடுமுன் பிழை பார்க்கச் சொல்லி, வேலையிலிருந்து வந்த என் மனைவியிடம் கொடுத்தேன். இரண்டு தடவை படித்தாள். கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "ரொம்ப மனசத் தொடுற மாதிரி எழுதியிருக்கீங்க" என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள். நான் உறையைத் தேடிக்கொண்டிருக்கிறேன், உள்ளேயிருந்து எக்காளம்! கலங்கரை விளக்கத்தின் மேல் சிவப்புக் கொடி!

"என்ன அநியாயம் இது, அது சம்பந்திக்கு எழுதின கடிதம்!" என்றேன். "படிக்கக் குடுத்தது நீங்கதானே? ஆள் இல்ல, கதவு தெறந்திருக்குன்னு கொட்ட எழுத்துல எழுதியிருந்தீங்க" என்கிறாள். மரியாதை என்றால் என்னவென்று தெரியாத மனுஷி. அதோடு போகவில்லை. தங்கள் துறைமுகத்திலிருந்து என் தலைநகர் இரண்டே கட்டம், நாளைக்கு அங்கே வந்து நிற்பாள். அவளோடு கைகுலுக்கிக் கூட்டணி வைத்தவர் யார் தெரியுமா? தங்கள் மகன்! போன வாரமே! என்னிடம் "காலி பண்ணுங்க மாமா, அதுதான் ஒரே வழி" என்று யோசனை சொன்ன அதே மாப்பிள்ளை!

ஆகையால் ஆட்டத்தை அழிக்கும் பேச்சுக்கே இடமில்லை. மலைமேல் உங்களிடம் பன்னிரண்டு பேர், கப்பலில் என்னிடம் ஆறு பேரும் தளபதியும். போதும் சம்பந்தி, தாராளமாகப் போதும்! இனிமேல் எதையும் எழுத்தில் வைக்கக் கூடாது, போனில் பேசினாலும் இரண்டு வீட்டிலும் ஒற்றர்கள். நேரில்தான் பேச வேண்டும். ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்கே வந்துவிடுங்கள், சார்ஜர் கொண்டுவாருங்கள். சோபாவில் இருவரும் தோளோடு தோள் ஒட்டி உட்கார்ந்து, நடுவில் குழந்தையை வைத்துக்கொண்டு, குனிந்து மெதுவாகப் பேசிக்கொள்வோம். படத்துக்காக உட்கார்ந்திருக்கிறோம் என்று மகள் நினைத்துக்கொள்ளட்டும்.